ஆறுக்குப் பிறகு எட்டு

களத்துமேட்டு லைட் கம்பத்தில் முழங்கையை மடக்கி வைத்து, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அக்கா எண்ணுவாள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று நிதானமாகத்தான் ஆரம்பிப்பாள். ஆறு வரைக்கும் அதே நிதானம். ஆறு சொன்ன வாயோடு எட்டு என்பாள். வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிற நான் அந்த எட்டைக் கேட்டதும் பதறிவிடுவேன். ஒளிந்துகொள்ள எனக்கு எப்போதும் ஒரு எண் குறைவு. பாதி உடம்பு போருக்கு வெளியே இருக்கும்போதே பத்து வந்துவிடும், அக்கா திரும்பிவிடுவாள். டிராக்டர் டிரெய்லருக்கு அடியில் பதுங்கியிருக்கிற அண்ணன் அங்கிருந்தே கத்துவான்: "ஏய முயுங்கிட்டா, செல்லாது, செல்லாது." ஏழை முழுங்கிவிட்டாள் என்று அர்த்தம். அவன் முழுங்குகிற 'ழ' அவனுக்குக் கணக்கில்லை.

அக்கா என்றால் என் பெரியப்பா மகள். அண்ணன் அவளுக்குக் கூடப்பிறந்தவன். உத்திரமேரூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிய ஊர் எங்களுடையது. பெரியப்பா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் தும்முவோம்.

ஏழு அக்காவுக்கு எப்படிப் பகையானது என்பது தனிக் கதை. எங்கள் பக்கத்தில் 'ழ' யார் வாயிலும் உட்காராது. வாழைப்பழம் வாயப்பயம், குழந்தை கொயந்த. அக்கா நாலாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த ஓர் அதிகாரி முன்னால் வாய்ப்பாடு ஒப்பிக்க அவளை நிறுத்தினார்கள். "ஏயு" என்றாள். அவர் திருத்தினார். மறுபடியும் "ஏயு". வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் ஒருத்தருக்காவது அந்த எண் வாயில் வருமா என்று யாரும் கேட்கவில்லை. அன்றோடு அக்கா அதைச் சொல்வதை விட்டுவிட்டாள். ஏழாவது படித்த வருஷம் முழுக்க, எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் "ஆறு பாஸ்" என்றாள். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். அப்புறம் தானாகவே நாக்கை மடக்கி மடக்கிப் பழகி, பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்குகிற அளவுக்கு வந்தாள். மழை, கிழவி, தாழ்வாரம் எல்லாம் அவ்வளவு சுத்தமாக வரும். எண்ணும்போது மட்டும் ஆறுக்குப் பிறகு எட்டுதான். ஏன் என்று கேட்டால், "அது எங்கிட்ட மன்னிப்புக் கேக்கட்டும், அப்பாலிக்கா சேத்துக்கிறேன்" என்பாள்.

இதில் யாருடைய பெயரையும் நான் எழுதப்போவதில்லை. பல வருஷம் கழித்து நான் போனில் கேட்ட ஓர் ஒலிக்கதையின் பெயரையும் சொல்லமாட்டேன். அரிசி மில் என்று நான் சொல்லப்போகிற இடம் அந்தக் கதையில் அரிசி மில் இல்லை. இது என்ன கோழைத்தனம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நான் பயந்தாங்கொள்ளிதான். என்னை அப்படி ஆக்கியதில் அக்காவுக்கும் பங்கு உண்டு. மதியம் பம்புசெட் தொட்டியில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு பேய்க் கதை சொல்வாள். பேய் பேசும்போது அவள் குரல் அடித்தொண்டைக்கு இறங்கிவிடும். வெயில் சுளீரென்று அடிக்கும், எனக்கு உடம்பெல்லாம் குளிரும். நான் அழ ஆரம்பித்ததும் சொந்தக் குரலுக்குத் திரும்பி முதுகைத் தடவிக் கொடுத்து, "பயம் வந்தா ஓடிடணும் பாப்பா. நின்னு பாத்துகினு இருக்கக் கூடாது" என்பாள்.

அவள் ஓடினாள். காஞ்சிபுரத்தில் கல்லூரிக் கடைசி வருஷம் படிக்கும்போது, அதே பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்த காலனிப் பையனோடு போய்விட்டாள். எங்கள் ஊரில் ஊர்த்தெரு வேறு, காலனி வேறு. நடுவில் இருப்பது ஒரு கால்வாய்தான். எங்கள் வயல்களில் நடவு நட்டதும் களை எடுத்ததும் அந்தப் பக்கத்துக்காரர்கள்தான். ஆனால் அந்தக் கால்வாயைத் தாண்டி ஒரு கல்யாணம் நடந்தால் வெட்டாமல் விடமாட்டோம் என்று டீக்கடையில் உட்கார்ந்து வெளிப்படையாகவே பேசுவார்கள், அதைக் கேட்டுக்கொண்டே எல்லாரும் டீயும் குடிப்பார்கள். பையனைப் பெற்றவர்கள் மறுநாளே வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பெரியப்பாவும் அண்ணனும் காரை எடுத்துக்கொண்டு தேடினார்கள். சீட்டுக்கு அடியில் வெட்டுக்கத்தியைச் சாக்கில் சுற்றி வைத்ததை நானே பார்த்தேன். எனக்கு அப்போது பள்ளிக்கூட வயது. ஒருநாள் தாமல் ஏரிப் பக்கம் அவளைப் பார்த்ததாக யாரோ சொல்ல, காலையிலேயே கிளம்பிப் போனார்கள். மதியம் திரும்பி வந்தார்கள். கார் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது. அண்ணனுடைய பேன்ட் தொடை வரைக்கும் நனைந்திருந்தது. பின்சீட்டுக்குக் கீழே எப்போதும் கிடக்கிற கால் மேட்டைக் காணோம். பெரியப்பா நேரே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் பஸ் ஸ்டாப்பில் போஸ்டர் ஒட்டினார்கள். கண்ணீர் அஞ்சலி. மேலே அக்காவின் பிளஸ் டூ போட்டோ.

உயிரோடு இருக்கிறவளுக்குத் தலைமுழுகுவது எங்கள் பக்கத்தில் நடக்கிறதுதான். பெரியப்பா மொட்டை அடித்துக்கொண்டார், பெரியம்மா தலையில் தண்ணீர் ஊற்றி உட்காரவைத்தார்கள், சாப்பாடு போட்டார்கள். ஊர் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டது. எனக்குத்தான் அந்தக் கால் மேட் இடித்தது. அதற்கப்புறம் அவர்கள் தேடவே இல்லை. சாக்கில் சுற்றிய கத்தி மாட்டுக்கொட்டகைக்குத் திரும்பிவிட்டது. தினமும் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு அந்தப் போஸ்டருக்குக் கீழேதான் நின்றேன். சும்மா ஒட்டியதா, நிஜமாகவே ஒட்டியதா என்று அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருப்பேன். மழையில் அது கிழிந்து போன பிறகும் பசை காய்ந்த இடம் வெள்ளையாகத் தெரிந்துகொண்டிருந்தது.

யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம். அண்ணன் என்னிடம் எப்போதும் பிரியமாகத்தான் இருந்தான். ஜுரம் வந்தால் பைக்கில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவான், திரும்பும்போது ரொட்டி வாங்கித் தருவான். அந்த ரொட்டியை நீட்டுகிற கையைத்தான் நான் பார்ப்பேன். இந்தக் கையா? அப்படி நினைத்துக்கொண்டே அதை வாங்கித் தின்றிருக்கிறேன். ஒரே சுவர் வீட்டில் அப்படித்தான் பல வருஷம் ஓடியது. அக்கா ஓடிய வீடு என்பதால் என்னைப் பெண் கேட்டு வருகிறவர்களும் காபியோடு எழுந்து போய்விட்டார்கள். நான் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலைக்குச் சேர்ந்தேன்.

கம்பெனி பஸ் விடிந்ததும் வந்துவிடும். போகிற வழியெல்லாம் பாதிப் பேர் தூங்குவார்கள், பாதிப் பேர் டிபன் பாக்ஸைத் திறந்து நாஷ்டாவை முடிப்பார்கள். நான் இயர்போனை மாட்டிக்கொண்டு பேய்க் கதை கேட்பேன். இவ்வளவு பயப்படுகிறவள் ஏன் அதைக் கேட்க வேண்டும் என்று பக்கத்து சீட்டுப் பெண்கள் கிண்டல் செய்வார்கள். கதையில் வருகிற பயத்துக்கு ஒரு முடிவு இருக்கிறதே, அதுதான். செத்தது யார், கொன்றது யார் என்று கடைசியில் சொல்லிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்த வசதி இல்லை.

அந்தக் கதை ரொம்பச் சின்னது. ஒரு பஸ் பயணத்துக்குள் முடிந்துவிடும். காலேஜ் பிள்ளைகள் சில பேர் பைக்கில் ஊர் சுற்ற வருகிறார்கள். மழைக்கு ஒதுங்குவதற்காக மூடிக்கிடக்கிற ஓர் அரிசி மில்லுக்குள் போகிறார்கள். அங்கே காவலுக்கு ஒரு கிழவி. முதலில் டீ போட்டுக் கொடுக்கிறாள். பிறகு ஒவ்வொருத்தராகக் கொல்கிறாள். ஒருத்தனை நெல் அவிக்கிற தொட்டியில், ஒருத்தியை ஓடுகிற பெல்ட்டில். தவிட்டில் ரத்தம் ஊறுகிற சத்தத்தைக்கூட விடாமல் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் இட்லி தின்றுகொண்டிருந்த பெண்ணைப் பார்க்கவே எனக்குக் குமட்டியது. படித்தது ஒரு பெண். பெயர் ஏதோ புதுமாதிரியான பெயர். மற்ற பேருக்கெல்லாம் சாதாரணமாகப் பேசியவள், கிழவி பேசும்போது மட்டும் கரகரவென்று கீழே இறங்கினாள். நன்றாகப் படிக்கிறாள், தொண்டையை இப்படிக் கெடுத்துக்கொள்கிறாளே என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

கடைசியில் ஒரே ஒரு பெண் மிச்சம். உமிக் குவியலுக்குள் புகுந்துகொள்கிறாள். கிழவி வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டே, பத்து எண்ணுவேன், அதற்குள் ஒளிந்துகொள் கண்ணு என்கிறாள். எண்ண ஆரம்பிக்கிறாள். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. எட்டு.

பஸ் வாலாஜாபாத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நல்ல வெயில். என் கை இயர்போன் ஒயரைப் பிடித்தது பிடித்தபடி இருந்தது. பின்னால் நகர்த்தி மறுபடி கேட்டேன். ஆறு. எட்டு. மறுபடியும். கரகரப்புக்கு அடியில் யார் இருக்கிறாள் என்று அதற்கப்புறம்தான் காதுக்குத் தெரிந்தது. பம்புசெட் தொட்டியில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு பேய்க்குப் பேசிய அதே குரல். இறங்க வேண்டிய இடம் வந்ததே தெரியவில்லை, டிரைவர்தான் திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டார். அன்றைக்கு நான் ஒட்டிய பெட்டிகளில் பாதியைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள். சூப்பர்வைசர் திட்டினார். திட்டத் திட்ட எனக்குச் சிரிப்பு வந்தது. உயிரோடு இருக்கிறாள். எங்கேயோ ஒரு ரூமில் உட்கார்ந்து மைக் முன்னால் கிழவி வேஷம் போட்டுக்கொண்டு இருக்கிறாள்.

சந்தோஷம் அன்றைய மதியச் சாப்பாடு வரைக்கும்தான் தாங்கியது. அப்புறம் ஒரு நினைப்பு வந்து டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். பழக்கதோஷத்தில் ஏழை விட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா? வேண்டுமென்றே விட்டிருந்தால் யாருக்காக? பேய்க் கதை என்றால் நான் தேடிக் கேட்பேன் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் களத்துமேட்டில் என்னோடு இன்னொருத்தனும் விளையாடினான். பெரியப்பா போன வருஷம் இறந்தார். கடைசி நாட்களில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டே கிடந்தார். காரியம் முடிந்த அன்று அண்ணன் எல்லார் முன்னாலும், "நைனாவ சாவடிச்சது அவதான். வுடமாட்டேன்" என்றான். நான் அதைத் துக்கத்தில் சொன்ன பேச்சு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். செத்துப்போனவளை எப்படி விடாமல் இருப்பது?

அதன் பிறகு தினமும் பஸ்ஸில் அந்த இடத்தை மட்டும் கேட்டேன். வேறெதையும் கேட்கப் பிடிக்கவில்லை.

பெரியம்மாவுக்குக் கண் பரிசோதனை. காஞ்சிபுரத்துக்குப் போக வேண்டும், துணைக்கு நீயும் வா என்று அவள் கூப்பிட்டதால் லீவு போட்டுவிட்டு அண்ணன் காரில் முன்சீட்டில் உட்கார்ந்தேன். பெரியம்மா பின்னால். அண்ணன் போனில் சார்ஜ் இல்லை. பாட்டுப் போடலாம் என்று என் போனை வாங்கி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே ஏதோ அழுத்தினான். மாகறல் தாண்டியிருப்போம். கார் ஸ்பீக்கர் கிர்ரென்று உறுமி, நான் பஸ்ஸில் எந்த இடத்தில் நிறுத்தியிருந்தேனோ அந்த இடத்திலிருந்து தானாகவே பேச ஆரம்பித்துவிட்டது. "பத்து எண்ணுவேன். அதுக்குள்ள ஒளிஞ்சிக்கோ கண்ணு."

"இன்னா பாப்பா இது?" என்றான் அண்ணன்.

"பேய்க் கதைண்ணா. சொம்மா. நிறுத்திடறேன்."

"இருக்கட்டும் வுடு, கேப்போம்" என்று என் கையைத் தள்ளிவிட்டான்.

ஒண்ணு, ரெண்டு என்று ஆரம்பித்தது. நான் ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்தேன். இருமினேன். இருமலுக்கு மேலே அந்தக் குரல் ஆறு என்றது. எட்டு என்றது.

"ஏய முயுங்கிட்டா" என்றான் அண்ணன்.

சிரித்துக்கொண்டே சொன்னான். யோசிக்காமல், டிரெய்லருக்கு அடியிலிருந்து கத்துவானே அந்தப் பையன் குரலில் அப்படியே வந்தது. சொல்லி முடித்த பிறகுதான் அவன் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. கார் வேகம் தானாகக் குறைந்தது. ஒன்பது, பத்து என்று ஸ்பீக்கர் முடித்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். கொன்றவன் முகமாக இருந்தால் பேயைப் பார்த்த மாதிரி வெளுத்திருக்கும். இது அப்படி இல்லை. காணாமல் போன ஆடு பக்கத்து வயலில் கத்துவதைக் கேட்டவன் மாதிரி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இத்தனை வருஷமாக நான் கேட்கப் பயந்த கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. அவன் அவளைக் கொல்லவில்லை. இனிமேல்தான்.

"டேய், மயக்கமா கீதுடா. அந்தக் கருமத்த நிறுத்து. பேஜார் புடிச்ச கத" என்று பின்னாலிருந்து பெரியம்மா சொன்னாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் சீட்டுக்குப் பின்னாலிருந்து அவள் கை நீண்டு என் தோளை இறுக்கிப் பிடித்தது. நகம் பதிந்த இடம் அப்புறம் கன்றிப்போனது.

ஆஸ்பத்திரியில் பெரியம்மாவுக்குக் கண்ணில் மருந்து விட்டு உட்காரவைத்துவிட்டார்கள். அண்ணன் என்னை எதிர் டீக்கடைக்குக் கூட்டிப்போனான். பிஸ்கட்டை டீயில் தோய்த்தான்.

"அத்த யாரு படிக்கிறது?"

"யாரோ மெட்ராஸ் பொம்பளண்ணா. பேர பாரு, இங்க போட்டுகீது."

பெயரைப் படித்தான். இரண்டு தடவை படித்தான். அவனுக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அன்னிக்கு தாமல்ல கிட்ட போய்ட்டோம் பாப்பா. அவள பாத்தேன்னு சொன்னவன் வூடு எதுன்னு காட்டிட்டான். நைனாவுக்கு அங்கயே நெஞ்ச அடச்சிகினு வாந்தி. வண்டியெல்லாம் வாந்தி. மேட்ட தூக்கி ஏரில போட்டு, வண்டிய கயுவிகினு வந்தேன். நைனாவுக்கு மட்டும் ஒண்ணும் ஆவாம இருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். மறுநாளே அவுங்க அந்த வூட்ட காலி பண்ணிட்டாங்க." பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. அதை விரலால் எடுத்துத் தின்றான். "நைனாவுக்கு வாக்கு குடுத்துகீறேன். அவ எங்க கீறான்னுதான் தெரியல. வூட்டுக்குப் போயி அந்த எண்றத இன்னொரு வாட்டி போட்டுக் காட்டு. நிதானமா கேக்கணும்."

என் டீ குடிக்காமலே ஆறி ஆடை கட்டியது. அவன் அதைக் கவனித்து, "இந்த மாரி கதையெல்லாம் கேக்காத, ஒடம்புக்கு ஆவாது" என்றான். அக்கறையாகத்தான் சொன்னான். அதுதான் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் போனைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டதாகச் சொன்னேன். ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி, கம்பெனிக்குக் கொண்டுபோகிற பையில் ஒளித்து வைத்தேன். அவன் தினமும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான்: "போன் வந்துச்சா பாப்பா?" வரவில்லை அண்ணா, வரவில்லை அண்ணா என்று எத்தனை நாள் சொல்வது? வேறு யார் போனிலாவது தேடச் சொல்லலாம் என்று அவனுக்கு எந்த நிமிஷமும் தோன்றலாம். அவன் மோட்டார் பைக் நின்று நின்று கிளம்பினால்கூட வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன்.

அவன் வயலுக்குப் போயிருந்த ஒரு காலையில் பெரியம்மா எங்கள் தோட்டத்துப் பக்கம் வந்தாள். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, "அந்தக் கதய எனக்குப் போடு" என்றாள்.

"ரொம்ப வெட்டுக்குத்து பெரிம்மா. உன்னால முடியாது."

"போடு."

இயர்போனின் ஒரு பக்கத்தை அவள் காதில் வைத்தேன், மறுபக்கம் எனக்கு. டிவி சீரியலில் ஒருத்தி கையை அறுத்துக்கொண்டாலே எழுந்து போய்விடுகிறவள், முதலிலிருந்து கடைசி வரைக்கும் அசையாமல் கேட்டாள். தொட்டி, பெல்ட், தவிட்டில் ஊறுகிற ரத்தம் எல்லாவற்றையும் கேட்டாள். எண்ணும் இடம் வந்தபோது அவள் உதடும் கூடவே எண்ணியது. முடிந்த பிறகு இயர்போனைக் கழற்றாமலே, "அடித்தொண்டையில பேசறா. தொண்ட கட்டிக்கும். மொளகு போட்டு பாலு காச்சிக் குடிக்கிறாளோ இன்னாமோ" என்றாள். அப்புறம்தான் அழுதாள். சத்தம் வராமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். தன் மகன் தன் மகளைக் கொன்றுவிட்டானா என்று இத்தனை வருஷமும் அவனிடம் கேட்காமலே அவனுக்குச் சோறு போட்டிருக்கிறாள். எனக்கு இருந்த பயம் அவளுக்கும் இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவன் வுடமாட்டான். அந்த ஏய சொல்லிடச் சொல்லு அவள" என்றாள்.

"அது ஒண்ணுதான பெரிம்மா நமக்கு கீது."

"நமக்கு இன்னாத்துக்கு? அவ கீறா இல்ல, அது போதும்."

கதைக்குக் கீழே கேட்டவர்கள் கருத்து எழுதுகிற இடம் இருந்தது. நன்று, அருமை, பயந்துவிட்டேன் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். ஒருத்தர் மட்டும் ஏழு விடுபட்டிருப்பது கிழவிக்குப் பைத்தியம் என்பதைக் காட்டுகிற உத்தி என்று பாராட்டியிருந்தார். நான் வேறு பெயரில், ஒரு சிடுமூஞ்சி வாசகி மாதிரி எழுதினேன். கதை நன்றாக இருக்கிறது, ஆனால் எண்ணும்போது ஆறுக்குப் பிறகு எட்டு வருவது பெரிய தவறு, எங்கள் வீட்டில் அண்ணன் இதைக் கவனித்துவிட்டு மறுபடி கேட்க வேண்டும் என்று நிற்கிறார், உடனே திருத்துங்கள். அனுப்பப் போனவளைப் பெரியம்மா தடுத்து, "மொளகுப் பால எழுது" என்றாள். வாசிப்பவர் தொண்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மிளகுப் பால் நல்லது என்று சேர்த்தேன். சிடுமூஞ்சிக்கு அது பொருந்தவே இல்லை. எழுதியது எழுதியதுதான் என்று அனுப்பிவிட்டேன்.

அதற்கப்புறம் காத்திருந்த நாட்களைப் போல நான் எப்போதும் பயந்ததில்லை. அக்கா அதைப் படிப்பாளா, வேறு யாராவது படித்துவிட்டுத் தூக்கிப்போட்டுவிடுவார்களா, படித்தாலும் அவளால் மாற்றமுடியுமா, எதுவும் தெரியாது. பஸ்ஸில் ஏறியதும் கேட்பேன். ஆறு, எட்டு. சாப்பாட்டு நேரத்தில் கழிவறையில் நின்று கேட்பேன். ஆறு, எட்டு. அந்த எட்டைக் கேட்டால் சின்ன வயசில் பதறியதைப் போலவே பதறியது. போன் ரிப்பேர் ஆகாவிட்டால் புதிதாக வாங்கித் தருகிறேன் என்று அண்ணன் சொல்லிவிட்டான். இனிமேல் தள்ளிப்போட வழியில்லை.

மறுநாள் வேலை முடிந்து திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அஞ்சு. ஆறு. சின்னதாக ஒரு மூச்சு.

ஏழு.

வீட்டு வாசலில் இறங்கும்போதே, "போன் வந்துடிச்சிண்ணா" என்று நானே கூப்பிட்டேன். அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டான். பெரியம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை. அவன் இரண்டு தடவை கேட்டான்.

"ஏயு சொல்றாளே. அன்னிக்கு வுட்ட மாரி இருந்துச்சி."

"நான் இருமினேன்ல, அந்தச் சத்தத்துல காதுல வியுந்திருக்காதுண்ணா" என்றேன். அக்கா எனக்குப் பழக்கிவிட்டிருந்த 'ழ'வும் பயத்தில் போய்விட்டது.

"அவளுக்கு ஏயு வராது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். போனைத் திருப்பிக் கொடுத்தான். "வேற எவளோ." மாட்டுப் பக்கம் திரும்பிப் போனான். நிம்மதியா ஏமாற்றமா என்று அவன் முதுகைப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை. அவன் இன்னும் என் அண்ணன்தான். இன்னும் கத்தி மாட்டுக்கொட்டகையில்தான் இருக்கிறது. அவன் போன் மேசைமேல் கிடந்தால் அந்தக் கதை ஆப் அதில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்க்காமல் நான் அந்த இடத்தைத் தாண்டுவதில்லை.

களத்துமேட்டு லைட் கம்பத்தை மாற்றிவிட்டார்கள். இப்போது சிமென்ட் கம்பம். சாயங்காலம் பிள்ளைகள் அதில் முகம் புதைத்து எண்ணுகிறார்கள், எல்லாரும் ஏயு என்றே எண்ணுகிறார்கள், யாரும் சிரிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வயலுக்குப் போனதும் பெரியம்மா துவைக்கிற கல்லுக்கு வந்துவிடுவாள். ஆளுக்கு ஒரு பக்கம் இயர்போனை வைத்துக்கொள்வோம். கொலையெல்லாம் தாண்டி அந்த இடம் வரும். எங்களிடம் இருந்த ஒரே அடையாளமும் போய்விட்டது. யார் கேட்டாலும் இப்போது அது ஏதோ ஒரு பெண்ணின் குரல்தான். எந்தத் தவறும் இல்லாமல் எண்ணுகிறாள். ஏழு மன்னிப்புக் கேட்காமலே உள்ளே வந்துவிட்டது.

அந்த ஏழு வரும்போது பெரியம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். கேட்கிறவள் நான் ஒருத்திதான் என்றாலும் மெதுவாகத்தான் சொல்வாள்.

"இன்னும் கொஞ்சம் உள்ள போயி ஒளிஞ்சிக்கோ கண்ணு. ஒரு எண்ணு கூட கீது."